மாஸ்டரின் சர்க்கரை மணி

க்ரீம் பன் தின்றதற்கான தடயம் ஒன்றுகூட மாஸ்டரிடம் இல்லை. காகிதத்தைப் பேக்கரி வாசல் குப்பைத் தொட்டியிலேயே போட்டாயிற்று. மீசையைக் காரின் பக்கக் கண்ணாடியில் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துத் துடைத்தாயிற்று. சட்டையை உதறியாயிற்று. பிறகு ஒன்றும் அறியாத பிள்ளை போலப் பயிற்சிக் காரில் ஏறி, தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, "ம், கிளட்சை விடுங்க, மெதுவா, மெதுவா" என்று பாடத்தை ஆரம்பித்தார்.

ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் தையல்கடை அம்மா. கிளட்சை விட்டார். கார் ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி கிளப்பி, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தும் பாடத்துக்கு வந்த நேரத்தில் மாஸ்டரின் சட்டைப்பையில் போன் ஊளையிட்டது.

"யாரோ கூப்பிடறாங்க, மாஸ்டர்."

"யாரோ இல்லம்மா. எல்லாரும்."

முதலில் மனைவி. "என்ன சாப்பிட்டீங்க?" எடுத்த எடுப்பில் அதுதான் கேள்வி. "ஒண்ணும் இல்லையே" என்று மாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் பெரிய மகளின் அழைப்பு வரிசையில் நின்றது. "அப்பா, பொய் சொல்லாதீங்க. கோடு மேல போய்ட்டே இருக்கு." அதற்குள் பெரிய மாப்பிள்ளை அந்தக் கோட்டையே படமெடுத்து அனுப்பி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். எல்லாரும் ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்து, எப்போதும் கடைசியாக, வெளியூரிலிருந்து சின்ன மகள்.

"அப்பா. என்ன சாப்பிட்டீங்க?"

"ஒரு பன்னு. சின்னதுதான்."

"சின்ன பன்னுக்கு இவ்ளோ ஏறாது. க்ரீம் இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"நடங்க. உக்காராதீங்க, நடங்க. வெக்கிறேன்."

அவ்வளவுதான். டக்கென்று வைத்துவிடுவாள். மனைவியிடம் கூசாமல் பொய் சொல்கிற மனுஷன், இவளிடம் மட்டும் க்ரீம் வரைக்கும் ஒப்புக்கொண்டுவிடுவார். ஏனென்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அவர் மேல்கையில் ஒட்டியிருந்த, பொத்தான் அளவே ஆன ஒரு சென்சார். டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். ஒன்றும் நடக்காமல் போகவே அதை ஒட்டிவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அது போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்; போன் அதைக் கோடாக வரைந்து காட்டும். ஏறினால் மணியடிக்கும். சென்சார் கம்பெனிக்காரன் கொடுத்த செயலி நல்ல மாதிரி. மாஸ்டரின் போனில் மட்டும்தான் அடிக்கும். போனைப் பழைய துணியில் சுற்றி டிக்கியில் போட்டுவிட்டால் அதற்கும் நிம்மதி, இவருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியில் மண்ணை அள்ளிப் போட்டவர் பெரிய மாப்பிள்ளை. மாடியில் குடியிருப்பவர், கம்ப்யூட்டர் வேலை, எந்நேரமும் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கிற கை. சர்க்கரை நோயாளிகளின் பிள்ளைகள் சிலர் சேர்ந்து தாங்களே எழுதி, இணையத்தில் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த ஒரு செயலியை அவர் எங்கிருந்தோ கண்டுபிடித்தார். போனோடு வருகிற செயலிக் கடையில் அது கிடையாது. வெளியிலிருந்துதான் இறக்கி ஏற்ற வேண்டும். "இது ஆபத்தாக இருக்கலாம்" என்று போன் கத்தக் கத்த, சரி, சரி, சரி என்று தட்டித் தட்டி ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து மாஸ்டருக்குச் சர்க்கரை ஏறினால் குடும்பத்துக்கே மணியடித்தது.

"ஜெயில்ல இருக்கறவன்கூட நிம்மதியா ஒரு வாய் தின்னுவான்" என்று மாஸ்டர் புலம்பினார்.

"ஒழுங்கா இருந்தா அது ஏன் அடிக்குது?" என்று மனைவி கேட்டார்.

சின்னவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவர்களிலேயே அவளைப் போல வண்டியைக் கையாண்டவர் கிடையாது. இது அவரே சொன்னது; அவள் காதுபட மட்டும் சொன்னதில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்காமலே பெயர்ப் பலகையை 'அப்பா – மகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' என்று மாற்றி எழுதச் செய்தார். பெயிண்ட் காய்வதற்குள் அவள் வந்து நின்றாள். பெருநகரத்தில் ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வாகிவிட்டாளாம்.

மாஸ்டருக்கு வந்ததே கோபம். "ரயிலா? ஸ்டியரிங்கே இல்லாத வண்டி! தண்டவாளம் போற பக்கம் அது பாட்டுக்குப் போகும். நீ உக்காந்து வேடிக்கை பாக்கப் போற. அதுக்குப் பேரு ஓட்டறதா?"

"உங்க கார்ல மட்டும் நான் ஓட்டினேனா?" என்றாள் அவள். "லைசென்ஸ் வாங்கினப்புறமும் உங்க கால் அந்தப் பக்கத்து பிரேக் மேலயேதான இருந்துச்சு."

சுருக்கென்று தைத்துவிட்டது. "போறவ போ" என்றார். போய்விட்டாள். பலகையில் 'மகள்' மேல் மாஸ்டரே பெயிண்ட் அடித்தார். 'அப்பா –' என்று அரைகுறையாக நின்றது பள்ளி. அதன் பிறகு அவள் அம்மாவோடு பேசினாள், அக்காவோடு பேசினாள். அப்பாவோடு மட்டும் பேச்சு இல்லை. அந்தச் செயலி ஏறிய பிறகு, முதல் மணி அடித்த அன்றுதான் அவள் எண் அவருடைய போனில் தெரிந்தது. "என்ன சாப்பிட்டீங்க?" அப்பாவுக்கும் மகளுக்கும் இருந்த போக்குவரத்து இவ்வளவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மாஸ்டரின் மச்சான் அந்தச் செய்தியைப் போட்டார். மனைவியின் தம்பி, கடைத்தெருவில் போன் கடை வைத்திருப்பவர்.

"அடுத்த அப்டேட்டோட இந்த வெளி ஆப் எல்லாம் காலி. போன் கம்பெனி சம்மதிச்சது மட்டும்தான் ஓடும். நல்லதுதான்."

மாப்பிள்ளைக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. "என்ன நல்லது? காசு குடுத்து போன் வாங்கினது நாம. அதுல எது ஓடணும்னு அவன் சொல்றதா? வீடு வாங்கினவன்கிட்ட, நான் சொல்ற கட்டிலைத்தான் போடணும்னு கட்டினவன் வந்து நிப்பானா?"

"வீட்டைத் திறந்து போட்டா கட்டிலா வரும்? திருடன் வருவான். போன வாரம் ஒரு அம்மா என் கடை வாசல்ல நின்னு அழறாங்க. பார்சல் வந்திருக்கு, இந்த ஆப்பைப் போடுங்கன்னு எவனோ லிங்க் அனுப்பியிருக்கான். தட்டிட்டாங்க. போட்டோ, பேங்கு, ஒண்ணு விடாம துடைச்சுட்டுப் போய்ட்டான்."

"அதுக்காக எல்லார் வீட்டுக் கதவையும் பூட்டி, சாவியை அவனே வெச்சுக்கறதா? எச்சரிக்கை பண்ணட்டும். முடிவு நம்மளோடது."

"எச்சரிக்கையை யாரு படிக்கிறா? நீங்க படிச்சீங்களா?"

மாப்பிள்ளை கவளத்தைத் தட்டிலேயே திரும்பப் போட்டார். அந்த இடைவெளியில் மாஸ்டர் புகுந்தார். "மச்சான் சொல்றதுதான் சரி!" என்று மேசையைத் தட்டினார். தண்ணீர் தம்ளர் குதித்தது. "பாதுகாப்புன்னு ஒண்ணு வேணாமா? கண்டவன் எழுதின ஆப்பை எல்லாம் போன்ல ஏத்தறதா? நாடு என்னத்துக்கு ஆகும்?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். நேற்றுவரைக்கும் போனில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் மாடிக்கு ஆள் அனுப்பியவர்.

"உங்களுக்கு அப்டேட்னா என்னன்னு தெரியுமா?" என்று மனைவி கேட்டார்.

"தெரியும். நல்லது."

"வேற வழி இருக்கு, மாமா" என்று மாப்பிள்ளை போனுக்குக் கை நீட்டினார். "செட்டிங்க்ஸ்ல முன்கூட்டியே ஒண்ணு மாத்தி வெச்சா—" மாஸ்டர் போனைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் செய்த பிரசாரம் இருக்கிறதே! பயிற்சிக்கு வருகிறவர்கள் காசு கொடுத்துக் கியரைக் கற்க வந்தவர்கள்; அவர்களுக்குப் போன் பாதுகாப்பும் சேர்த்துக் கிடைத்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் உபதேசம்தான். "இப்ப ஏன் நிக்கிறோம்? விளக்கு சொல்லுது, நிக்கிறோம். போன் கம்பெனி சொன்னா மட்டும் கசக்குதா?"

தையல்கடை அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே யோசித்தார். "விளக்கு ஊருக்குப் பொது, மாஸ்டர். அவன் கடைக்காரன். எனக்கு மெஷின் வித்தவன், நான் விக்கிற நூலைத்தான் போடணும்னு சொன்னா ஒத்துக்குவேனா?"

"பச்சை விழுந்துடுச்சு, வண்டியை எடுங்க" என்றார் மாஸ்டர்.

அப்டேட் வந்தது. பக்தியோடு தன் விரலாலேயே தட்டினார். போன் அணைந்து, உயிர்த்து, 'இந்தச் செயலி இனி இயங்காது' என்று ஒரு வரி காட்டியது. அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். மறுநாள் பேக்கரியில் ஒளியவில்லை, மறையவில்லை. நடு வாசலில் நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்தபடியே ஒரு க்ரீம் பன்னைத் தின்றார். "ஒழிஞ்சுது தொல்லை" என்று பேக்கரிக்காரரிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார். சென்சார் கம்பெனியின் பழைய செயலி மட்டும் தனியாகக் கத்திப் பார்த்து, போனோடு டிக்கிக்குப் போனது.

யாரும் கூப்பிடவில்லை. ஆகா, என்ன சுகம்.

மறுநாளும் யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் மாஸ்டர் போனை டிக்கியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். மணி சத்தமாக வைத்திருக்கிறதா என்று பார்த்தார். தையல்கடை அம்மாவின் போனிலிருந்து தன் எண்ணுக்கே ஒருமுறை அடிக்கச் சொல்லியும் பார்த்தார். போன் நன்றாகத்தான் இருந்தது.

"சின்னவ கூப்பிட்டாளா?" என்று மனைவியிடம் விசாரித்தார், துணியை மடித்துக்கொண்டே, ரொம்ப அலட்சியமாக.

"என்கிட்ட தினமும் பேசறா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மாவாவது ஒன்றாவது. மனுஷனுக்கு மகளின் குரல் வேண்டியிருந்தது. அவள் 'நடங்க' என்று அதட்டாத மைதானத்தில் நடக்கப் பிடிக்கவில்லை. க்ரீம் பன் வெறும் மாவாக இருந்தது. எடுத்துப் பேசித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பதற்கென்ன, நானும்தான் கேட்பேன். 'போறவ போ' என்று சொன்ன வாய் முதலில் கூப்பிடுமா? அவர் எண்ணைத் தேடி எடுப்பார், விரலைப் பக்கத்தில் கொண்டுபோவார், 'என்னன்னு ஆரம்பிக்கறது?' என்று திகைப்பார், போனை உள்ளே போட்டுவிடுவார். பிள்ளை வளர்க்கத் தெரிந்த ஆளுக்கு ஒரு 'ஹலோ' சொல்லத் தெரியவில்லை!

கடைசியில் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மச்சானின் கடைக்குப் போனார். மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. மேசையைத் தட்டிய கை. கடை முகப்பில், 'தெரியாத செயலிகளை ஏற்றாதீர்கள்! ஏமாறாதீர்கள்!' என்று ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது.

"மச்சான், அந்த ஆப்பைத் திரும்பப் போட முடியுமா?" என்று கிசுகிசுத்தார்.

மச்சான் இடமும் வலமும் பார்த்தார். "உள்ள வாங்க, மாமா."

உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு நிறைய ஆட்கள், போனும் கையுமாக.

"இவங்கெல்லாம் யாரு?"

"வெளி ஆப் போட வந்தவங்கதான். அப்டேட் வந்ததுலருந்து நிக்க நேரம் இல்ல."

"அடப்பாவி! அன்னைக்கு வீட்ல அந்தப் பேச்சுப் பேசினியே?"

"அது கொள்கை, மாமா. இது தொழில். ஆனா நான் எதைப் போடறேன்னு பாத்துத்தான் போடுவேன்" என்று மச்சான் போனை வாங்கினார்.

எங்கெங்கோ நுழைந்து, எதையெதையோ திறந்து, ஓர் இடத்தில் நின்றார். 'இதைச் செய்யும்படி யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா?' என்று போன் கேட்டது.

"என்ன மாமா போடட்டும்?"

"இல்லைன்னு போடு" என்றார் மாஸ்டர்.

'இதனால் வரும் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு. ஒப்புக்கொள்கிறீர்களா?'

மாஸ்டர் அதை முழுவதும் படித்தார். அந்த பெஞ்சில் இருந்தவர்களிலேயே அதைப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். "குடு. இதை நான் தட்டறேன்" என்று வாங்கித் தட்டினார். போன் மசியவில்லை. 'அவசரத்தில் முடிவெடுப்பதைத் தவிர்க்க, நாளை மீண்டும் முயலவும்' என்றது.

"ஏன்டா, நான் என்ன விவாகரத்தா கேட்டேன்?" என்று போனைப் பார்த்தே கத்திவிட்டார் மாஸ்டர். பெஞ்சு முழுவதும் சிரித்தது.

மறுநாள் போனபோது பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒயர் வாங்க வந்தவரை மச்சான் விஷயத்தைச் சொல்லி உட்கார்த்தி வைத்திருந்தார். மாஸ்டர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"மனுஷனுக்கு ஒரு சுதந்திரம் வேணாமா, மாப்பிள்ளை? காசு குடுத்து வாங்கின போன்! நமக்கு வேணுங்கறதைப் போட இவன் யாரு நம்மள நாளைக்கு வா, நாளன்னைக்கு வான்னு சொல்றதுக்கு?"

மாப்பிள்ளை நல்ல மனுஷர். 'போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களே' என்று கேட்கவில்லை. போனை வாங்கி அமைதியாக ஏற்றி முடித்தார். "யார் யாருக்கு மணி அடிக்கணும், மாமா?"

"சின்னவளுக்கு மட்டும் போதும்."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் கண்ணாடி அலமாரியில் இருந்த போன் உறைகளை மும்முரமாகப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அந்த ஓர் எண்ணை மட்டும் பதிந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மைதான ஓரத்தில் காரை நிறுத்தச் சொல்லி, மாஸ்டர் இறங்கிப் போய்ப் பன்னோடு வந்தார். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மருந்து சாப்பிடுகிற முகத்தோடு தின்றார். போனை எடுத்து மடியில் வைத்துக் கோட்டைப் பார்த்தார். கோடு படுத்தே கிடந்தது.

"ஏறு" என்றார் மாஸ்டர்.

"எங்க ஏறணும், மாஸ்டர்?" என்று தையல்கடை அம்மா பதறிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"நீங்க இல்லம்மா. வேணாங்கறப்ப எல்லாம் குதிச்சுக் குதிச்சு ஏறும். இன்னைக்குப் பாருங்க, அசையுதா சனியன்?"

கோடு மெல்லத் தலைதூக்கியது. நிமிர்ந்தது. போன் ஊளையிட்டது. அவள் பார்ப்பாளா? பார்த்தாலும் கூப்பிடுவாளா? பத்து நிமிஷமோ என்னவோ, ஒரு யுகம் போல இருந்தது. அப்புறம் அந்த எண் வந்தது.

"அப்பா? ஆப் எப்படி அடிக்குது? அதுதான் போயிடுச்சே!"

"திரும்பப் போட்டுட்டேன். நான்தான் தட்டினேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"க்ரீம் பன்னு. வேணும்னேதான் தின்னேன்."

"வேணும்னேவா? எதுக்கு?"

கைவசம் ஒரு பொய் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. "உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சும்மா" என்றுவிட்டார்.

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அதுக்கு எதுக்குப்பா பன்னு? போன் பண்ண வேண்டியதுதானே."

"நீயும் பண்ணலையே."

"ஆப் போனதும் தொல்லை ஒழிஞ்சுதுன்னு நீங்க சொன்னதா அம்மா சொன்னாங்க. சரி, நான்தான் தொல்லைபோலன்னு விட்டுட்டேன்."

"நான் ஆயிரம் சொல்வேன். நீ அதை நம்பிடறதா?"

அவள் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "சரி, நடங்க. உக்காராதீங்க. வெக்கிறேன்."

"இரு, இரு. எப்பவும் ரெண்டு வார்த்தையோட வெச்சுடறியே. இன்னும் என் மேல அவ்ளோ கோவமா?"

"கோவமா? அப்பா, கடைசி ஸ்டேஷன் வந்ததும் நான் இறங்கி ரயிலோட அந்தக் கோடிக்கு நடக்கணும். திரும்பிப் போறப்ப அந்தப் பக்கத்துலருந்துதான் ஓட்டணும். ஓட்டறப்ப போனைத் தொடக் கூடாது. இந்த நடை நேரம்தான் எனக்குன்னு கிடைக்கறது. அதுல முதல்ல உங்க கோட்டைத்தான் பாப்பேன்."

இத்தனை நாளும் கோபம் என்று எண்ணிக் குமைந்ததெல்லாம் ஒரு ரயிலின் நீளம்தானா?

"எத்தனை பெட்டி?" என்று கேட்டார். அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"எட்டு."

"எட்டையும் நீ ஒருத்தியாவா? பக்கத்துல யாரும் இல்லாமலா?"

"ஒருத்தியாத்தான்."

"இப்ப எந்தப் பெட்டிகிட்ட போறே?"

"ஆறு."

"மெதுவா நடம்மா."

"முடியாதுப்பா, உள்ள ஜனங்க உக்காந்திருக்காங்க. நாளைக்கு நீங்க கூப்பிடுங்க. பன்னு திங்காம கூப்பிடுங்க."

வைத்துவிட்டாள். மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே காரைவிட்டு இறங்கினார்.

"யாரு, மாஸ்டர்?" என்று தையல்கடை அம்மா கேட்டார்.

"என் சின்னப் பொண்ணு. ரயில் ஓட்டறா" என்றார் மாஸ்டர். "எட்டுப் பெட்டி. இருங்க, நான் கொஞ்சம் நடக்கணுமாம்."

சொல்லிவிட்டு மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.